ஹெட்போன் அக்கா மேசை வாங்கிய கதை

எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்று ஹெட்போன் அக்கா வீடு எது என்று கேட்டால், சைக்கிள் பழகும் குழந்தைகூட இரண்டாவது மாடியைக் கை காட்டும். ஊருக்கெல்லாம் அவள் அக்கா. எனக்குக் கூடப்பிறந்த அக்கா. நான் பக்கத்து பிளாக்கில் இருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. "கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாளெல்லாம் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி, வீடு திரும்பும்போது என்னிடம் பொறுமை ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் அடிக்கடி கத்துவேன்.

அக்காவின் வேலை காதும் கையும் சேர்ந்து செய்கிற வேலை. நோயாளியைப் பார்த்து முடித்ததும் டாக்டர்கள் ஒரு கருவியில் மளமளவென்று பேசிப் பதிந்து வைப்பார்கள்: என்ன நோய், என்ன சோதனை, என்ன மருந்து. அந்தப் பேச்சு அக்காவின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, அதை ஒழுங்கான அறிக்கையாகத் தட்டி அனுப்புவாள். பத்தொன்பது வருஷமாக வீட்டில் இருந்தபடியே இதுதான். டாக்டர்களில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவர் உண்டு, மாடிப்படி ஏறிக்கொண்டே பேசுகிறவர் உண்டு. ஒருவர் முழுக்க முழுக்க வாய்க்குள்ளேயே பேசுவாராம். அவர் பேச்சு கம்பெனியில் வேறு யாருக்கும் பிடிபடாமல், எல்லாமே அக்காவுக்குத்தான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, நியாயமான கர்வம்தான்.

இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அமைதி. அந்த வீட்டில் கிடைக்காததும் அதுதான். காலையில் முன்னறை அமைதியாக இருக்கும். பத்தரை மணிக்கு எதிரே இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். உடனே அக்கா சமையலறை மூலைக்குப் போவாள். இரண்டு மணிக்கு மேல்வீட்டு வாஷிங் மெஷின் சரியாக அந்த மூலைக்கு மேலே தடதடவென்று ஆடும். அப்போது படுக்கையறை. நாலரைக்குப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பந்து விளையாட்டு தொடங்கும், அதற்குள் பட்டறையில் கதவை இழுத்து மூடியிருப்பார்கள், மறுபடி முன்னறை. பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவது போலக் கம்ப்யூட்டரையும் வயர்களையும் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை குடிபெயர்வாள். முன்னறையில் சாப்பாட்டு மேசை, சமையலறையில் அடுப்பு மேடை, படுக்கையறையில் இஸ்திரி போடும் பலகை. மூன்றும் மூன்று உயரம்.

முதுகு எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒரு நாள் கம்ப்யூட்டரைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள், நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. முதுகு டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு உத்தரவு போட்டார். ஒரேயடியாக அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, பாதி வேலையை நின்றுகொண்டு செய்ய வேண்டும். எதையும் தூக்கக் கூடாது.

கம்பெனிக்காரர்கள் சான்றிதழைப் பார்த்து ஆறு வாரத்துக்கு வேலையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஏழாவது வாரம் பழையபடி நாளுக்கு ஆயிரம் வரி தட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

அத்தான் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். போன வருஷக் கண் சோதனையில் தூரத்து எழுத்து தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே வீடு ஓடுவது அக்காவின் வேலையால்தான். ஆனால் அவள் கவலை வேறாக இருந்தது.

"நான் இல்லன்னா அந்த வாய்க்குள்ள பேசற டாக்டர் பேச்ச யாருடி புரிஞ்சுக்குவாங்க? மாத்தி எழுதி வெச்சிருவாங்களே" என்று என்னிடம் கேட்டாள். அவள் உட்கார்ந்து எதையோ தட்டுகிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

சக்கரம் வைத்த, உயரம் ஏற்றி இறக்கும் மேசை வாங்கினால் இரண்டு உத்தரவுக்கும் தீர்வு கிடைக்கும் என்ற யோசனையைச் சொன்னவள் நான். எங்கள் பல் டாக்டரிடம் கருவிகள் வைக்க அப்படி ஒன்று இருக்கிறது. உட்காரும்போது இறக்கலாம், நிற்கும்போது ஏற்றலாம், பட்டறை அறுக்கத் தொடங்கினால் கம்ப்யூட்டரோடு தள்ளிக்கொண்டு போகலாம். ரொம்பப் புத்திசாலித்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. கையால் சுற்றி ஏற்றுகிற மேசை, காற்றழுத்தத்தில் ஏறுகிற மேசை, ஒரு மோட்டார், இரண்டு மோட்டார். இரண்டு காலில் நிற்பது, நாலு காலில் நிற்பது. இணையத்தில் ஒருவர் இதைப்போல் உண்டா என்று எழுதியிருக்கிறார். அதே மேசையைப் பற்றி அடுத்தவர், தயவுசெய்து என்னைப்போல் ஏமாறாதீர்கள் என்று எழுதியிருக்கிறார். அக்கா இரண்டு பேரையும் நம்பினாள். ராத்திரி ஒன்றை முடிவு செய்வாள், காலையில் எனக்குப் போன் செய்து வேறொன்றைச் சொல்வாள்.

"சக்கரம் இருந்தா ஆடுமாம்டி. ஆடினா எனக்கு எழுத்து தப்பும். சக்கரம் இல்லன்னா தூக்கணும். தூக்கினா முதுகு போயிடும். என்ன பண்றது?"

"ஏதோ ஒண்ண வாங்கித் தொலையேன்!"

"தொலைக்கறதுக்கா வாங்கறேன்?" என்பாள்.

அத்தான் வந்து புகுந்ததும் குழப்பம் இரட்டிப்பானது. வீட்டில் சும்மா இருந்த மனிதருக்கு ஒரு வாகனம் வாங்குகிற வேலை வந்துவிட்டது. மேசை எத்தனை கிலோ தாங்கும், மோட்டார் சூடானால் என்ன ஆகும், எல்லாச் சக்கரத்துக்கும் ப்ரேக் உண்டா என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

"நூறு கிலோ தாங்கணும்" என்றார்.

"எதுக்குங்க? ஆளா ஏத்தப் போறோம்?" என்று அக்கா கேட்டாள்.

"ஏத்த மாட்டோம். தாங்குமான்னு தெரிஞ்சுக்கணும்ல?"

மேசையின் உயரம் முழங்கைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அக்காவைச் சமையலறைக் கதவோரம் நிற்கவைத்து அளந்தார். காலையில் ஒரு அளவு வந்தது. மத்தியானம் இரண்டு விரற்கடை குறைந்தது. சாயங்காலம் இன்னும் குறைந்தது. டேப் பழுது என்று புது டேப் வாங்கி வந்தார். அதிலும் அப்படியே. மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. வலி ஏற ஏற அக்கா கூனிக்கொண்டே வந்திருக்கிறாள். அத்தான் அளந்துகொண்டிருந்தது அவள் வலியை. அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

நாலாவது வாரம் மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் பட்டனை அமுக்கினால் மேசை ஏறுகிறது, அமுக்கினால் இறங்குகிறது. அத்தான் அதன் அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். பையன் திருதிருவென்று முழித்தான். பிறகு அத்தான் எழுந்து, மேசையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கடையை ஒரு சுற்று சுற்றி, சோபாக்களுக்கு நடுவில் பின்னோக்கி எடுத்து, வாசல் படிக்கட்டை ஒட்டி நிறுத்தி ப்ரேக் போட்டார்.

"சக்கரம் பெருசா இருக்கற மாடல் இருக்கா தம்பி? எங்க வீட்டு நிலைப்படி ஒரு அங்குலம் உயரம்" என்றார். இருந்தது. அந்த ஒரு கேள்விக்காக அவர் செய்த மற்ற கூத்தையெல்லாம் மன்னித்தேன்.

அக்கா அந்த மேசை முன்னால் நின்று, இல்லாத விசைப்பலகையில் விரல்களை ஓட்டிப் பார்த்தாள். முதுகு நேராக இருந்தது. முகம்தான் தெளியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"அதான் தெரியல."

ஒரு மணி நேரம் யோசித்தோம். விளக்கா, அகலமா, பலகையின் நிறமா? எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி இல்லை என்றாள். கடைசியில் நான் கடையிலேயே கத்தி, அத்தான் ரசீதை வாங்கி, ஒரு வாரம் கழித்து மேசை வீட்டுக்கு வந்தது. அப்போது ஐந்தாவது வாரம் முடியப் போகிறது. ஒன்பது நாள் மிச்சம்.

மேசையை முன்னறையில் நிறுத்தி, கம்ப்யூட்டரை ஏற்றி வைத்து, அத்தான் பட்டனை அமுக்கினார். அக்காவின் முழங்கைக்குச் சரியாக வந்து நின்றது. நான் கைதட்டினேன். அக்கா ஹெட்போனை மாட்டினாள், விரல்களை விசைப்பலகையில் வைத்தாள், அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

பெடல்! அதைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நானும் மறந்துதான் போயிருந்தேன். அக்காவின் வலது காலடியில் பத்தொன்பது வருஷமாக ஒரு பெடல் கிடக்கிறது. மிதித்தால் டாக்டரின் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். மறுபடி மிதித்தால் கடைசி இரண்டு வார்த்தைகளைத் திரும்பச் சொல்லிவிட்டு மேலே ஓடும். கை பின்தங்கும்போதெல்லாம் கால் தானாக எழும்பும். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது மிதித்து எடுப்பாள். உட்கார்ந்துகொண்டு மிதிக்கலாம். நின்றுகொண்டு மிதிக்க வேண்டுமானால் நாள் முழுக்க ஒற்றைக்காலில் நிற்க வேண்டும்.

பத்தொன்பது வருஷம் மிதித்தவளுக்கு அது நினைவில்லை. இருபத்தெட்டு வருஷம் பெடல்களோடு குடித்தனம் நடத்திய டிரைவருக்கும் நினைவில்லை. பலகையின் நிறம்வரை பேசிவிட்டுக் காலைக் கோட்டைவிட்டோம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த நாலு நாள் அந்த வீட்டில் நடந்த சோதனைகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒற்றைக்காலில் நின்று பார்த்தாள். முதுகு வலி இடுப்புக்கு இறங்கியது. பெடலை மேசைமேல் வைத்து முழங்கையால் அழுத்தினாள்; கை பாதி எழுத்தைத்தான் தட்டியது. விசைப்பலகையிலேயே ஒரு விசையை அமுக்கி நிறுத்தலாம் என்று கம்பெனிப் பெண் சொல்லிக்கொடுத்தாள். விரல்கள் அதற்குப் போய் வருவதற்குள் டாக்டர் அடுத்த நோய்க்குப் போய்விடுவார். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு நானூறு வரிதான் தேறியது. உட்கார்ந்து தட்டினால் வரி வரும், சாயங்காலம் எழுந்து நிற்க முடியாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் மேசையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் நான் போனபோது அக்கா ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அத்தான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தடுமாறும்போதெல்லாம் அவருடைய வலது கால் வெறுந்தரையை ஓங்கி மிதித்தது. பஸ்ஸில் வேறொருவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவருக்கு இந்த வழக்கம் உண்டு. இல்லாத ப்ரேக்கைப் போட்டுக்கொண்டே வருவார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏன் அத்தான் தரையை மிதிக்கறீங்க? அவ்வளவு ஆசையா இருந்தா அந்தப் பெடலை மிதிங்களேன்!" என்று கத்தினேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் குனிந்து பெடலை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, வேணாம். நோயாளிங்க விஷயம். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள் அக்கா.

"எனக்கு எங்க தெரியப் போகுது? சத்தம் உன் காதுல. திரை உன் பக்கம். நான் பெடல்தானே?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனிக்கும் கேட்டு எழுதினாள். குரலும் திரையும் அவளிடம் இருந்தால் சரி, பெடலை யார் மிதித்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அவர்களுக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் நாள் குளறுபடி. என்ன ஓடுகிறது என்று அவருக்குக் கேட்காது. எப்போது எடுப்பது, எப்போது மிதிப்பது? அக்கா "நிறுத்துங்க" என்பதற்குள் டாக்டர் பத்து வார்த்தை ஓடியிருப்பார். "போங்க" என்பாள், "நிறுத்துங்க" என்பாள், இருவருக்கும் சண்டை வந்து, மத்தியானச் சாப்பாட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டாம் நாள் அத்தான் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தூரம்தான் அவருக்கு மங்கல். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். அக்காவின் விரல்களையே பார்த்தார். அவள் பின்தங்கப் போகும்போது இடது கைச் சுண்டுவிரல் லேசாகத் தூக்கிக்கொள்ளுமாம். அவளுக்கே அது தெரியாது. அதைப் பார்த்ததும் காலை எடுத்தார். விரல்கள் வரியை முடித்து இறங்கும்போது மிதித்தார். சாயங்காலத்துக்குள் "நிறுத்துங்க" என்ற சொல் வீட்டில் கேட்கவில்லை. பத்தரை ஆனதும் அவரே எழுந்து ப்ரேக்கை எடுத்து, நிலைப்படியைத் தாண்டி மேசையைத் தள்ளுவார். முக்காலி பின்னால் போகும்.

ஏழாவது வாரம் புதன்கிழமை ஆயிரத்து இருபது வரி. அக்கா எனக்குப் போன் செய்து சொன்னாள். நான் அலுவலக நேரத்தில் நோயாளிகள் முன்னாலேயே "சபாஷ்!" என்று கத்திவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு. மூன்று மணிக்குப் போனேன். வேலை நேரத்தில் அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது, அதனால் படுக்கையறைக் கதவோரம் சத்தமில்லாமல் நின்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் அக்கா நேராக நின்று தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் கால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

திடீரென்று அக்காவின் கை நின்றது. சுண்டுவிரல் எழும்பவில்லை, ஒன்றுமில்லை. பத்து விரலும் விசைப்பலகைமேல் அப்படியே படுத்துவிட்டன. அத்தான் காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக ஒரு மூச்சு நேரம்தான். இந்த முறை கை நகரவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தான்தான் ஏதோ தப்பாக மிதித்துவிட்டோம் என்று நினைத்து, பெடலைக் குனிந்து பார்த்தார். வயரைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன ஆச்சு? வேகமாப் போயிடுச்சா?"

அக்கா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இல்ல."

"முதுகா?"

"இல்லங்க. நோயாளி ஒருத்தர். ரெண்டு வருஷமா அவர் அறிக்கைய டைப் பண்ணிக்கிட்டிருந்தேன். இனிமே வரமாட்டார்."

அத்தான் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சவரா?"

"பேரே தெரியாது. நம்பர்தான்."

"இப்படி முன்னாடியும் ஆகியிருக்கா?"

"நெறைய. பத்தொம்பது வருஷம் ஆச்சே."

"அப்பல்லாம் என்ன பண்ணுவ?"

"காலை எடுத்துடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு வெப்பேன்."

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே?"

"சொல்லக் கூடாதுங்க. தவிர, நீங்க வண்டியில இருப்பீங்க."

பக்கத்து பிளாக்கில் நான் எத்தனையோ நாள் டிவி பார்த்துச் சிரித்திருக்கிறேன், இங்கே அவள் காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மறுபடி மாட்டினாள். நாலரைக்குள் இன்னும் இருநூறு வரி முடிக்க வேண்டும். விரல்களை எடுத்து அவற்றின் இடத்தில் வைத்தாள்.

"ம், மிதிங்க."

அத்தான் மிதிக்கவில்லை. முக்காலியில் அசையாமல் உட்கார்ந்து, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மிதிங்க. நேரமாகுது."

"கை நடுங்குது உனக்கு" என்றார். "நிக்கட்டும். நான் பார்த்து மிதிக்கறேன்."